நிட்டேவோ வழக்கும் ஆங்கிலத் துணைவினைகளும்



பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையில் தெற்குப் பக்கமாக உயர்ந்து நிற்பது நமுனுகுல மலை. ஒன்பது முடிகள் என்பது அப்பெயரின் பொருள். 2,000 மீற்றருக்கு மேற்பட்ட அம்மலையின் சாரலெங்கும் தேயிலை. கீழ்த்திசையிலோ நிலம் படிப்படியாகத் தாழ்கின்றது. பசறை, மொணராகலை, சியம்பலாண்டுவ என்று இறங்கிச் செல்லும் வழி பொத்துவிலில் கடலைத் தொடுகிறது. பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை. பாணமைக்கு அப்பால் காடு. ஊவா மலைச்சரிவில் பிறந்த கும்புக்கன் ஆறு அக்காட்டினூடாக ஓடிக் கூமுனைக்கருகே கடலிற் கலக்கின்றது.

அக்காடு நம்மவர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலுமிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள், உகந்தை மலை முருகன் சந்நிதியில் தங்கி, அங்கிருந்து கூமுனை வழியாக அக்காட்டை ஊடறுத்தே செல்கின்றனர். யானைக்கும் கரடிக்கும் அஞ்சி அரோகரா ஒலியோடு அவர்கள் கடந்துபோகும் அவ்வட்டாரத்தின் ஒரு பகுதிக்கு லேனம என்று பெயர். அந்த லேனமக் காட்டிலேதான், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், நிட்டேவோ என்று பெயர் பெற்ற ஒரு குற்றுருவக் கூட்டம் அடியோடு அழிக்கப்பட்டதாக ஒரு வரலாறு வழங்குகின்றது. அழிக்கப்பட்டது யார்? அல்லது, எது? இவ்வினாவுக்கு இன்றுவரை முடிவு காணப்படவில்லை.

இதனை வைத்துக்கொண்டு ஆங்கில இலக்கணத்தில் ஒரு சிறு பகுதியைக் கற்கலாம் என்பது என் எண்ணம். மே, மைட், குட், மஸ்ட், கேனாட் என்னும் துணைவினைச் சொற்களையே குறிப்பிடுகிறேன். பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள் இவற்றை அட்டவணையிட்டுக் காட்டும். மாணவர் மனனம் செய்வர். பரீட்சை முடிந்ததும் மறப்பர். தீராத ஒரு வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டால் இச்சொற்கள் எதற்காகப் பிறந்தன என்பது தானே விளங்கும். நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம், எவ்வளவுதான் சொல்லலாம் என்று அளந்து காட்டுவதற்கே அவை பிறந்தன.

தோட்டப்புறத்தில் ஆங்கிலம் முதன்முதல் காதில் விழுந்தது கட்டளை உருவில்தான். தோட்டத்துரைமார் தமிழ் பழகுவதற்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கொழும்பில் அச்சான கைந்நூலின் பெயர் ‘இங்கே வா’ என்பது. ஏவல் வினையே தலைப்பாக அமைந்த மொழிநூல்! அவர்கள் நம்மிடம் பேசிய தமிழ் அத்தகையது. அவர்களுடைய ஆங்கிலத்தில் நமக்கு அறிமுகமான மஸ்ட் என்ற சொல்லும் அத்தகையதே. பிரட்டுக்களத்துக்கு விடியுமுன் வர வேண்டும், இத்தனை இறாத்தல் கொழுந்து எடுக்க வேண்டும், மழையானாலும் மலைக்கு ஏற வேண்டும் என்பவை எல்லாம் மஸ்ட். ஆகவே மஸ்ட் என்றால் ‘வேண்டும்’ என்று கற்றுக்கொண்டோம். அது பிழையன்று, ஆயினும் பாதிதான்.

ஏவுவோர் எவருமில்லாத இன்னொரு மஸ்ட் உண்டு. லயத்துக் கூரைக்கு மேலே புகை எழுகின்றது. உள்ளே நடப்பதை நாம் காணவில்லை. எனினும் ‘அடுப்பு மூட்டியிருக்க வேண்டும்’ என்கிறோம். யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை. புகையைக் கண்டு நெருப்பைத் துணிகிறோம். நம் சைவ சித்தாந்த நூல்கள் காண்டல், கருதல், உரை என்று அறிவு பெறும் வழிகளை மூன்றாக வகுத்துக் கூறுமே, அவற்றுள் இது கருதல். ஆங்கிலேயர் இவ்விடத்திலும் அதே மஸ்ட் என்ற சொல்லையே ஆளுவர். நாமும் அதே ‘வேண்டும்’ என்ற சொல்லையே ஆளுகிறோம். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதுபோல் இருக்கின்றது! அவ்வாறே ‘நீ போகலாம்’ என்பது அனுமதி. ‘அவன் போயிருக்கலாம்’ என்பது ஐயம். ஆங்கிலத்து மே என்ற சொல்லுக்கும் இந்த இரு தொழில்களும் உண்டு. எனவே ஆங்கிலத் துணைவினை கடினம் என்று அஞ்சுகிற மாணவர் அதன் பெரும்பகுதியைத் தாய்ப்பாலோடு கற்றவரே.

இனி வழக்குக்கு வருவோம்.

1880-களில் ஹியூ நெவில் என்பார் இலங்கை சிவில் சேவையில் உத்தியோகம் பார்த்தார். ஏட்டுச் சுவடிகளையும் கிராமத்துக் கதைகளையும் தேடித் திரட்டுவதில் பேரார்வமுடையவர். அவர் சேர்த்த சுவடிகள் இன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. ‘தப்ரோபேனியன்’ என்ற சஞ்சிகையையும் அவர் நடத்தினார். நிட்டேவோ பற்றிய வரலாறு அச்சேறியது அதிலேதான். உயரம் ஏறக்குறைய மூன்றடி, நிமிர்ந்த நடை, வால் இல்லை, உடம்பில் செந்நிறச் சாயலுள்ள உரோமம், கைகள் குறுகியவை, நகங்கள் நீண்டு வலிமை வாய்ந்தவை, இருப்பிடம் குகையும் மரக்கிளையும், உணவு முயல், அணில், ஆமை முதலியன, பேச்சு பறவைகளின் கீச்சொலி போன்றது, வேடருள் சிலர் அதனை ஓரளவு விளங்கிக்கொண்டனர். லேனம வேடருக்கும் இக்கூட்டத்துக்கும் தீராப் பகை. முடிவில் எஞ்சியவை அனைத்தையும் வேடர் ஒரு குகைக்குள் துரத்தி, வாயிலில் விறகும் சருகும் குவித்துத் தீ மூட்டினர். மூன்று நாள் எரிந்ததாம் அத்தீ.

‘எரிந்ததாம்’ என்றேன். அந்த ‘ஆம்’ என்ற இடைச்சொல்லைச் சற்றே கவனியுங்கள். நான் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று ஈரெழுத்தில் சொல்லிவிடும் வசதி தமிழுக்கு உண்டு. ஆங்கிலத்துக்கு அது இல்லை. ‘இஸ் செட் டு ஹாவ்’ என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கின்றது. நெவில் எழுதியதோ முழுவதும் ‘ஆம்’ என்ற சொல்லின்மேல் நிற்பது. ஒரு முதிய வேடர் சொன்னதை ஒரு சிங்கள வேட்டைக்காரர் கேட்டார். வேட்டைக்காரர் சொன்னதை நெவில் கேட்டார். அந்த வேடருக்கும் அது முன்னோர் வழி வந்த செய்தியே. காண்டல் இல்லை, கருதல் இல்லை. உரை மாத்திரமே உண்டு.

இவ்விடத்தில் ஒரு வாக்கியத்தைச் சொல்கிறேன்: ‘நெவில் அந்தக் குகைக்குச் சென்றிருக்க வேண்டும்.’ இதனை ஆங்கிலப்படுத்துங்கள் என்றால் பத்து மாணவருள் ஒன்பதுபேர் ‘மஸ்ட் ஹாவ் கான்’ என்று எழுதுவர். அப்படி எழுதினால், அவர் சென்றார் என்பதற்கு நல்ல அடையாளம் இருக்கிறது, அதனால் சென்றதாகத் துணிகிறேன் என்று பொருள்படும். ஆனால் சொன்னவர் கருதியது அதுதானா? சென்று பார்ப்பது அவர் கடமையாயிற்றே, பார்க்காமல் விட்டுவிட்டாரே என்ற குறை அதில் தொனிக்கலாம் அன்றோ? அப்பொருளில் ஆங்கிலத்துக்கு வேண்டிய சொல் ஷுட்: ‘ஷுட் ஹாவ் கான்.’ முதலாவதில் அவர் சென்றார், இரண்டாவதில் செல்லவில்லை. ஒரே தமிழ் வாக்கியம், நேர் எதிரான இரண்டு பொருள்கள்! தமிழில் குரலும் இடமும் பேதத்தைக் காட்டிவிடும். எழுத்தில் எழுதி ஆங்கிலமாக்கும்போதுதான் வழுக்குகிறது. நீதிமன்றத்தில் ஒரு சாட்சி, ‘காவற்காரர் கதவைப் பூட்டியிருக்க வேண்டும்’ என்று சொல்ல, மொழிபெயர்ப்பாளர் மஸ்ட் என்பதா ஷுட் என்பதா என்று தடுமாறினால், காவற்காரரின் கதி என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நெவிலுக்குப் பின்னர், காட்டு இலாகாவில் பணியாற்றிய பிரடெரிக் லூயிஸ் என்பவர் கிழக்கு ஊவாவிலும் தென் பாணமைப் பற்றிலும் தாம் செய்த ஆராய்ச்சிப் பயணத்தைப் பற்றி 1914-இல் அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதினார். அவரும் அப்பகுதி முதியோரிடம் நிட்டேவோக் கதையைக் கேட்டிருக்கிறார். உயரம், நகம், குகை, நெருப்பு எல்லாம் ஒத்து வருகின்றன. கணக்கிட்டுப் பார்த்தால் அந்த இறுதித் தீ பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டியதாகிறது.

இரண்டு கூற்றுகள் ஒத்துப்போவதால் கதை உண்மையாக இருக்க வேண்டும் என்று சிலர் துணிந்தனர். அதாவது, மஸ்ட். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஒரே ஊற்றிலிருந்து இரண்டு வாய்க்கால்கள் பிரிந்திருக்கலாம். இரண்டிலும் ஒரே தண்ணீர் ஓடுவது வியப்பன்று. இங்கே பொருந்துவது மே.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தத் தீக்கும் நெவிலின் பேனாவுக்கும் இடையில் 1818 இருக்கின்றது. 1817-இல் வெல்லஸ்ஸவில் மூண்ட கிளர்ச்சியை அடக்குவதற்காக ஆங்கிலேயர் ஊவாவில் கிராமங்களைக் கொளுத்தினர், விளைந்த வயல்களை அழித்தனர், கால்நடைகளைக் கொன்றனர். மக்கள் சிதறினர், பலர் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். நிட்டேவோவை நேரிற் கண்டவர் எவரேனும் இருந்திருந்தால், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்ந்த காலம் அதுவே. எத்தனை நாவுகள் அப்பொழுது அடங்கியிருக்கும்! ‘இருந்திருந்தால், இருந்திருக்கும்’ என்னும் இத்தொடர் ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்று தொடங்கி ‘வுட் ஹாவ்’ என்று முடியும். நடவாததை நடந்ததாக வைத்து எண்ணிப் பார்ப்பதற்கு மனிதன் கண்ட கருவி அது. சரித்திரம் எழுதுவோர் அதனை அளவோடு பயன்படுத்துதல் நன்று.

நிட்டேவோ யாதாக இருக்கலாம் என்று பலர் பலவாறு சொல்லியுள்ளனர். ஒவ்வொன்றையும் எடுத்து, அதற்கு எந்தத் துணைவினை பொருந்தும் என்று பார்ப்போம்.

குரங்கு என்பது ஒரு சாரார் கருத்து. இலங்கையின் செங்குரங்குக்கும் மந்திக்கும் வால் உண்டு. கதையோ வால் இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறது. குரங்கை நாள்தோறும் கண்டு, வேட்டையாடி, உண்டு வாழ்ந்த வேடர் அதனை இன்னதென்று அறியாமல் மயங்கினர் என்பது ஏற்கத்தக்கதன்று. ஆகவே கேனாட் ஹாவ் பீன். இருந்திருக்க முடியாது. இங்கே மாணவர் பலர் ‘மஸ்ட் நாட்’ என்று எழுதிவிடுவர். மஸ்ட் என்ற சொல்லின் எதிர்மறை இவ்விடத்தில் மஸ்ட் நாட் அன்று, கேனாட். மஸ்ட் நாட் என்பது ‘கூடாது’ என்ற விலக்கு. காட்டில் தீ மூட்டக் கூடாது என்பதற்கு அது பொருந்தும். நிட்டேவோ குரங்காக இருக்க முடியாது என்பதற்குப் பொருந்தாது. ‘வேண்டும்’ என்ற சொல்லுக்குத் தமிழிலும் இரண்டு மூன்று எதிர்மறைகள் இருப்பதை எண்ணினால் இது எளிதில் விளங்கும். கூடாது என்பது ஒன்று. வேண்டியதில்லை என்பது வேறு. பின்னதற்கு ஆங்கிலத்தில் நீட் நாட்.

வாலில்லாக் குரங்கு, கிப்பன் போன்ற ஒன்று, என்றனர் வேறு சிலர். இலங்கையில் அவ்வினம் இன்று இல்லை. முன்பு இருந்ததற்கு எலும்புச் சான்றும் இல்லை. இதுவும் ஏறக்குறையக் கேனாட்.

கரடி என்பார் கூற்று இவற்றினும் வலியது. இலங்கைக் கரடி வறண்ட காட்டில் வாழ்வது; குகையில் தங்குவது; நீண்ட வளைந்த நகமுடையது; சில வேளை பின்னங்காலில் எழுந்து நிற்பது; அதன் பின்னடிச் சுவடு மனிதச் சுவட்டை ஒருவாறு ஒத்திருக்கும். வேடரும் வேட்டைக்காரரும் காட்டில் யானையினும் அதிகமாக அஞ்சும் விலங்கும் அதுவே. ஆயினும் அது கூட்டமாக வாழ்வதில்லை; மேலும், குரங்கைப்பற்றிச் சொன்ன மறுப்பு கரடிக்கும் பொருந்தும். கரடியை வேடருக்கு யார் அறிமுகப்படுத்த வேண்டும்? இருந்தபோதிலும், நேரிற் கண்ட வேடர் மயங்காவிடினும், அவர் சொன்னதைக் கேட்டவரும், கேட்டவரிடம் கேட்டவரும் தலைமுறைதோறும் கரடியை மனிதனாக்கியிருக்கலாம். ஆகவே மே ஹாவ் பீன்.

கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியற் பேராசிரியராக இருந்த ஒஸ்மன் ஹில், குரங்கினங்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய அறிஞர், 1945-இல் ‘லோரிஸ்’ சஞ்சிகையில் இப்பொருளை ஆராய்ந்தார். இலங்கையின் தீராத சிக்கல் ஒன்று என்றே கட்டுரைக்குத் தலைப்பிட்டார். விலங்கு என்று சொல்வதில் உள்ள இடர்ப்பாடுகளை எடுத்துக்காட்டி, ஜாவாத் தீவில் 1891-இல் டுபுவா கண்டெடுத்த ஆதிமனித எச்சங்களோடு உறவுடைய ஒரு குறளினம் இங்கே எஞ்சியிருந்திருக்கக் கூடுமோ என்ற எண்ணத்தையும் முன்வைத்தார். அக்காலத்தில் பலருக்கு அது நகைப்பாகவே தோன்றியிருக்கும். 1963-இல் ரம்புக்வெல்ல என்பார் இவ்வழக்கை அரச ஆசியச் சங்கச் சஞ்சிகையில் மறுபடி எழுப்பினார். நிட்டேவோவுக்கு உரியதென்று துணியத்தக்க எலும்பு எந்தக் குகையிலிருந்தும் இதுவரை கிடைக்கவில்லை.

அப்படியிருக்க, 2003-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், லியாங் புவா என்னும் குகையில், ஏறக்குறைய மூன்றரை அடி உயரமேயுடைய ஓர் ஆதிமனித இனத்தின் எலும்புகள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு உலகமே அதனைப் பேசிற்று. அவ்வெலும்புகள் ஏறக்குறைய 60,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்பது பின்னர் தெளிவாயிற்று. இதைவிட வியப்பு ஒன்றுண்டு. அதே தீவில் வாழும் நாகே என்ற மக்களிடையே, காட்டில் வாழ்ந்த உரோமம் அடர்ந்த குள்ளக் கூட்டத்தைப் பற்றி ஒரு பழங்கதை வழங்குவதை மானுடவியலாளர் கிரெகரி போர்த் எடுத்துரைத்துள்ளார். அக்கூட்டத்தின் முடிவு எவ்வாறு? குகைக்குள் நெருப்பு!

கேட்டவுடன் ‘ஆகா, நிட்டேவோவும் அதுவே’ என்று குதிக்கத் தோன்றும். பொறுக்க வேண்டும். புளோரஸ் ஆழ்கடலால் சூழப்பட்டுப் பல்லாயிரம் ஆண்டு தனித்துக் கிடந்த தீவு. இலங்கையோ கடல்மட்டம் தாழ்ந்த காலங்களிலெல்லாம் இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்தது. தனிமையில் உடல் குறுகும் வாய்ப்பு இங்கே குறைவு. இங்கு அகழ்ந்தெடுக்கப்பட்ட பலாங்கொடை மனிதனின் எலும்புகள் நம்மைப் போன்ற மனிதருடையவை. ஆண்களின் உயரம் சராசரி ஐந்தரை அடிக்கும் மேல். மேலும், தொலைவிலுள்ள இரு தீவுகளில் ஒரே கதை வழங்குவது, நிகழ்ச்சி ஒன்றென்பதைக் காட்டிலும், கதை ஊர்விட்டு ஊர் செல்லும் இயல்புடையது என்பதையே காட்டக்கூடும். ஆகவே ஹில் சொன்னதை முற்றாகத் தள்ளவும் முடியவில்லை. மே என்ற இடத்தில் வைக்கவும் மனம் துணியவில்லை. இத்தகைய மெலிந்த வாய்ப்புக்குத்தான் ஆங்கிலத்தில் மைட் இருக்கின்றது. தமிழில் அதனை ‘ஒருவேளை இருந்திருக்கவும் கூடும்’ என்று நீட்டிச் சொல்லலாம். அந்த ‘உம்’ என்ற இடைச்சொல்லில்தான் மைட் ஒளிந்திருக்கின்றது.

இவ்வளவு நேரமும் நான் ஒன்றை ஒளித்தே பேசி வந்தேன் என்பதை இலக்கணம் கற்ற நேயர் சிலர் கண்டிருப்பர். நிட்டேவோவைப் பற்றிச் சொல்லும்போது, ‘வாழ்ந்தனர்’ என்றும் சொல்லவில்லை. ‘வாழ்ந்தன’ என்றும் சொல்லவில்லை. உயரம் இவ்வளவு, உணவு இது என்று வினைமுற்று வராமல் கூறினேன். தமிழ் வினைமுற்று திணையைக் காட்டாமல் விடாது. ‘மாண்டனர்’ என்றால் அது மக்கட்கொலை. ‘மாண்டன’ என்றால் அது வேட்டை. ஆங்கிலத்தில் ‘தே டைட்’ என்று சொல்லித் தப்பிவிடலாம்; ‘தே’ என்பது மக்களுக்கும் விலங்குக்கும் பொது. சிங்களத்திலும் அவ்வாறே. நிட்டேவோ என்ற பெயரின் ஈற்றிலுள்ள ஓகாரம் பன்மை காட்டுவது; ஆனால் அம்மொழியில் அது உயிருள்ளவற்றுக்கெல்லாம் பொது. வெத்தோ என்றால் வேடர். பல்லோ என்றால் நாய்கள். ஆகவே அப்பெயரை எவ்வளவு ஆராய்ந்தாலும் அது மனிதரா விலங்கா என்பது வெளிப்படாது. ‘நிஷாத’ என்ற வடசொல்லோடு அதனைத் தொடர்புபடுத்தி, ஒரு பழங்குடிப் பெயர் என்று காட்ட நெவில் முயன்றார். அது அவர் கருத்து.

இந்த இடரைத் தொல்காப்பியர் முன்னரே கண்டிருந்தார். தொலைவில் ஒன்று தோன்றுகின்றது. அது மரக்குற்றியோ, மனிதனோ என்று துணிய முடியவில்லை. அப்பொழுது எவ்வாறு சொல்வது? உருவம் என்ற பொதுச்சொல்லால் சொல்லுக என்று கிளவியாக்கத்தில் விதி வகுத்திருக்கிறார். உரையாசிரியர்களும் குற்றியையும் மகனையும் உதாரணம் காட்டியே இதனை விளக்குவர். அந்தி வேளையில் தேயிலை மலையிலிருந்து லயத்துக்கு இறங்கும் எவருக்கும் இந்த ஐயம் புதியதன்று. ஐயத்தைத் துணிவாக்கிவிடாமல் காத்துக்கொள்ளும் இலக்கணம் நம்மிடம் பழையது என்பதற்காகவே இதனைச் சொன்னேன்.

ஆனால் இங்கே கேள்வி மரக்குற்றியைப் பற்றியதன்று. ஓர் இனம் மனிதர்தானா என்று பிறர் தீர்ப்புச் சொல்வது சரித்திரத்தில் பலமுறை நடந்த காரியம். வேடரைப் பற்றியே அவ்வாறு எழுதப்பட்டது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த, ஒருவருக்கொருவர் உறவினரான சரசின் இருவர், ஊவாவின் நில்கலைக் குகையில் 1907-இல் கற்கருவிகளை அகழ்ந்தெடுத்த அறிஞர்களே, வேடரை மனித வளர்ச்சியின் அடிப்படியிலே, வாலில்லாக் குரங்குக்கு அண்மையிலே நிறுத்தினர். வேடரின் மண்டையோடுகள் ஐரோப்பியக் காட்சிசாலைகளுக்குக் கப்பலேறின. மரத்திலும் குகையிலும் வாழ்வோர், பேச்சு விளங்காதவர் என்று நாகரிகர் வேடரைச் சொல்ல, அதே சொற்களால் வேடர் நிட்டேவோவைச் சொன்னார்கள். இதனால் நிட்டேவோ மனிதரே என்று நிறுவப்பட்டுவிடாது. ‘பேச்சு பறவைக் குரல் போன்றது’, ‘நகம் விலங்கின் நகம் போன்றது’ என்பவற்றை உள்ளபடியே எடுத்துக்கொள்வதற்கு முன் சற்றுத் தயங்க வேண்டும் என்பது மாத்திரம் பெறப்படும்.

தமிழ் மாணவர் மே என்றும் குட் என்றும் எழுதுவதில் செய்யும் ஒரு தவறு இங்கே தீர்க்கப்பட வேண்டியது. ‘குகையிலிருந்து ஒருவர் தப்பியிருக்கலாம்.’ இதற்கும் இரண்டு பொருள். தப்பினாரோ இல்லையோ, தெரியவில்லை என்பது ஒன்று. அது மே ஹாவ். தப்புவதற்கு வழி இருந்தது, ஆனால் தப்பவில்லை என்பது மற்றொன்று. அதற்குக் குட் ஹாவ் சொல்வது தெளிவு. முன்னது கதவைத் திறந்தே வைக்கின்றது. பின்னது, கதவு திறந்திருந்தது, எவரும் அதன் வழியே செல்லவில்லை என்கின்றது. ஆங்கிலேயர் சில வேளை குட் என்ற சொல்லை இரண்டு பொருளிலும் வழங்குவர் என்பது உண்மை. கற்போர் இரண்டையும் பிரித்துப் பழகுதல் நலம்.

இப்பொழுது நெவிலின் வரலாற்றுக்கு மீண்டும் வாருங்கள். அதிலே ஒரு சிறு செய்தியை முன்னர் சொல்லிச் சென்றேன். பேச்சு பறவைக் குரல் போன்றதாயினும், வேடருள் சிலர் அதனை ஓரளவு விளங்கிக்கொண்டனர் என்பது. அந்தச் செய்தி மெய்யானால், நகமும் உரோமமும் எதுவாக இருந்தாலும் எனக்கு ஐயமில்லை. கரடியின் உறுமலுக்கு எவரும் பொருள் சொல்வதில்லை. ‘தே மஸ்ட் ஹாவ் பீன் பீப்பிள்’ என்று எழுதுவேன். இந்த வழக்கு முழுவதிலும் நான் மஸ்ட் என்ற சொல்லை மனமறிந்து எழுதக்கூடிய ஒரே இடம் இதுதான்; அதுவும் ‘மெய்யானால்’ என்ற ஒரு சொல்லின்மேல் தொங்குவது.

அச்செய்தியைச் சொன்னவர் யார் என்பதையும் நோக்குங்கள். நிட்டேவோவுக்குப் பரிந்து பேச எவரும் எஞ்சவில்லை. சொன்னவர் பகைவர், குகை வாயிலில் விறகு அடுக்கியவர்களின் வழிவந்தோர். கொல்லப்பட்டது விலங்குக் கூட்டம், அதன் குரல் விலங்கின் குரல் என்று சொல்லி முடித்திருந்தால் முன்னோர்மேல் ஒரு பழியும் வந்திராது. சொல்லியிருக்கலாம், ஆங்கிலத்தில் குட் ஹாவ் செட். சொல்லவில்லை.